நாற்பத்தொன்றாவது துண்டு

அலுமினியத்தில் வித்தை காட்டினார் மிஸ்டர் கூ.
ஒன்பது அச்சு, இரண்டு ஸ்பிண்டில்.
சதுரங்கக் குதிரை ஒன்று
பளபளவென்று தட்டில் விழுந்தது.
அதை ஓரமாக வைத்துவிட்டு
நான் கொண்டுவந்த எஃகுத் தண்டை நீட்டினேன்.
எங்களுக்கு வேண்டியது வால்வு,
மாதம் பதினாறாயிரம்.

பத்தாவது துண்டு வரை
மைக்ரோமீட்டர் குறை சொல்லவில்லை.
இருபதில் மூன்று மைக்ரான்.
சாப்பிடப் போகலாமே என்றார் கூ.
ஓடட்டும், நான் இருக்கிறேன்.

கூரைத் தகரத்தில் மழை.
உள்ளே சூடேறச் சூடேற
நாற்பத்தொன்றில்
பதினொன்று.

"பிறை என்றால் வளரத்தானே செய்யும், மேடம்"
ஊர்ப் பெயரை வைத்துச் சமாளித்தான்
ஆப்பரேட்டர் தவனேசன்.
சிரித்துவிட்டேன்.
சிரித்துக்கொண்டே எழுதினேன்: பதினொன்று.

குதிரையை மகளுக்குக் கொடுங்கள் என்றார் கூ,
கிளம்பும்போது.
காரில் உட்கார்ந்து
அதையும் அளந்தேன்,
சும்மாதான்.