பத்தொன்பது நாள்

உத்தரவாதம் முடிந்த பத்தொன்பதாம் நாள்
தோர்கோமின் நெற்றியில் பச்சைக்கோடு விழுந்தது.
முதலில் ஒன்று.
பிறகு இமை, மூக்கு, மீசை என்று
தாரை தாரையாக இறங்கி
திரை கறுத்தது.
விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது,
சேதி எட்டாத வீட்டுக்காரன்போல.

என் தொழில் கருங்கல்லில் முகம் எழுதுவது.
கியும்ரி கல்லறைப் பக்கம் போனால் பார்க்கலாம்:
ஆளுயரக் கல்லில் கோட்டு போட்டு நிற்பார்கள்,
ஒருவர் சிகரெட்டோடு,
ஒருவர் தன் காரில் சாய்ந்தபடி.
புகைப்படத்தை மடிக்கணினியில் துடைத்துத் தெளியவைத்து
புள்ளிகளாகப் பிரித்துக் கொடுத்தால்
எந்திர ஊசி கொத்திக்கொள்ளும்.
ஒரு முகத்துக்கு நாலு லட்சம் புள்ளி.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
இனிமையான குரல் வரிசை எண் கேட்டது,
இனிமையாக வருந்தியது.
பத்தொன்பது நாள்தானே என்றேன்.
ஒரு நாளானாலும் இதேதான் ஐயா.
பலகையோடு மாற்றித் தரலாமாம். விலை சொன்னது.
அந்த விலைக்கு எனக்கே ஒரு கல் நட்டுக்கொள்ளலாம்,
சுற்றி வேலியும் போட்டு.

ஹைக்கானுஷின் கடைக்குப் பதினொரு படி இறங்கவேண்டும்.
மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டி
திருகாணிகளைக் கழற்றி
காலி முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டாள்.
உள்ளே கல்தூசு களிம்பாக இறுகியிருந்தது.
எத்தனை வருஷத்துத் தூசு இது?
நூற்றுப் பன்னிரண்டு பேர், என்றேன்.
நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

படம் காட்டும் சில்லுக்கு அடியில்
கடுகைவிடச் சின்ன ஈயக்குண்டுகள், அறுநூறுக்கும் மேலே.
சூடாகி ஆறி, சூடாகி ஆறி
எங்கேயோ ஒன்று விட்டிருக்கிறது.
சில்லுக்குள்ளேயே விட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.
புதுசு வர மூன்று வாரம், பாதை பனியில் மூடாவிட்டால்.
சூடு காட்டினால் இன்றைக்கே எழும்;
எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்காதே.

சாத்தேனிக் அம்மாள் தினமும் பட்டறைக்கு வருகிறார்.
நாற்பதாம் நாளுக்கு மகன் நின்றாகவேண்டும்.
இருபத்தாறு ஓடிவிட்டது.
மனசு ஆறவே மாட்டேனென்கிறது வார்ட்கெஸ், என்கிறார்.
புதுசுக்கும் பணம் கட்டிவிட்டு
சூடு காட்டச் சொன்னேன்.

வெள்ளித்தாளால் சுற்றுமுற்றும் மூடி
அனல்காற்றைச் சில்லின் மேல் வட்டமிட்டாள்.
பிசின் புகைந்து குந்திரிக்க வாசனை.
மேசையைத் தொடாதே, இப்போது எல்லாம் தண்ணீராக இருக்கிறது.
மூச்சை அடக்கிக்கொண்டேன்.
அந்நேரம் பார்த்து மேலே தெருவில் ஒரு லாரி.
தரை லேசாக அதிர்ந்தது.
இருவரும் கூரையைப் பார்த்தோம்.
இந்த ஊரில் எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள்.

எழுந்தது.
தோர்கோம், கோடில்லாத தோர்கோம்.
ரசீதில் உத்தரவாதம் என்ற கட்டத்தில்
‘படி ஏறும்வரை’ என்று எழுதிக் கொடுத்தாள்.
சிரிப்பு வந்துவிட்டது.
என்னிடமும் கேட்பார்கள், எழுத்து எத்தனை காலம் நிற்குமென்று.
நூறு வருஷம் என்பேன்.
ரசீதோடு யாரும் திரும்பி வந்ததில்லை.

அதன்பிறகு நான் அதை அணைக்கவேயில்லை.
ஆறினால்தானே விடும்.
இரவில் எழுந்துபோய் அடிப்பக்கம் தொட்டுப் பார்ப்பேன்,
காய்ச்சல் குழந்தைக்குப் பார்ப்பதுபோல,
ஆனால் காய்ச்சல் இருக்கட்டும் என்று.

முப்பத்தெட்டாம் நாள் கல் தயார்.
அம்மாள் கையுறையைக் கழற்றி
மகனின் இடது புருவத்தில் விரல் வைத்தார்.
இங்கே ஒரு தழும்பு இருக்குமே.
ஏழு வயதில் ஊஞ்சல் பலகை பட்டது.

பச்சை இல்லை, சின்னதாக, குறுக்கே ஒரு கோடு;
திரைக்கோளாறின் மிச்சமென்று
நான்தான் துடைத்திருந்தேன்.

கையூசியும் சுத்தியலும் எடுத்தேன்.
எட்டு, ஒன்பது தட்டு.
இன்னும் கொஞ்சம் நீளம், என்றார்.
இன்னும் இரண்டு.

புதுச் சில்லு வழியில் இருக்கிறதாம்.
கணவாயில் பனி,
லாரிகள் வரிசையில் நிற்கின்றன என்கிறாள் ஹைக்கானுஷ்.