எடைமேடை

ராத்திரி வேலையில்
லாரிக்கும் லாரிக்கும் நடுவே புத்தகம் விரிப்பேன்.
அஞ்சல்வழிப் படிப்பு, மூன்றாம் தாள், கிரேக்கம்.
இந்த வாரம் ரோட்ஸ் தீவு.

எவர் கப்பலும் அங்கே கரை தொடலாம்,
சுங்கம் கட்டிவிட்டு.
யாரோடும் பகையில்லை என்பதுதான்
அந்த ஊரின் முதல் மதில்.

ரோமும் மக்கெதோனியாவும் முட்டிக்கொண்டபோது
'போதும், விடுங்கள்' என்று சொல்லத்
தூது அனுப்பியது.
தூதர் சபைக்குள் நுழையுமுன்
போர் முடிந்துவிட்டது. ரோம் ஜெயித்துவிட்டது.
கடல் நெடுக மனப்பாடம் செய்த பேச்சை விழுங்கிவிட்டு
வாழ்த்துச் சொன்னார்கள்.

அதற்குள் ரம்லியின் லாரி வந்தது.
பதினோரு டன் செம்பனைக் குலை.
சீட்டு அடித்துக் கொடுத்தேன்.
கை மட்டும்தான் அடித்தது.

சுங்கை கெலாடியில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.
பெரிய கம்பெனிக்கும் பழைய சீனத்து ஆலைக்கும்
வழக்கு நடந்த வருஷம்,
'ரெண்டு பேரும் நம்ம மேடையிலதான் ஏறுறாங்க,
எவன் தோத்தாலும் நமக்குத்தான் நட்டம்' என்று
கூட்டுறவுச் சங்கம் பரஞ்சோதியை அனுப்பியது.
ஆ சூனின் கழுத்துப்பட்டையை இரவல் வாங்கிக்கொண்டு
பஸ் ஏறிப்போனார் கோலாலம்பூருக்கு.
இருபத்தாறாம் மாடியில் லிப்ட் திறந்தபோது
கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
காலையிலேயே தீர்ப்பு வந்துவிட்டதாம்.
'தஹ்னியா' என்று கைகொடுத்தார்.
ஒரு துண்டு தின்றார்.
இனிப்பே இல்லை என்பார், இன்றைக்கும்.

ரோம் படையெடுக்கவில்லை.
டீலோஸ் என்றொரு துக்கடாத் தீவு.
அங்கே வரி இல்லை என்று
ஒரு வரி எழுதியது.
பத்து லட்சம் வந்த துறையில் ஒன்றரை லட்சம்.
திராக்மா என்று அச்சிட்டிருக்கிறது,
வெள்ளி என்றே என் வாயில் வருகிறது.

கம்பெனியும் கோபப்படவில்லை.
பத்துக் கிலோமீட்டர் தள்ளி, புதுச் சடக்கோரம்
ஒரு மேடை கட்டியது. இலவசம்.
கழிவறையும் உண்டு, வெந்நீரோடு.
என் பேரேட்டில் நூற்றிருபது, எழுபது,
முப்பத்தொன்று, பதினெட்டு.
டயர்க்காரர் போனார்.
ஆ சூன் மத்தியானமே கதவை இழுத்துவிடுகிறார்.
கழுத்துப்பட்டை இன்னும் திரும்பி வரவில்லை;
அவரும் கேட்கவில்லை.

பரீட்சையில் சிலையைப் பற்றித்தான் கேட்பார்கள்:
எத்தனை முழம், எந்தப் பூகம்பம்,
முழங்காலில் முறிந்தது எப்படி.
சுங்கத்துக்கு மதிப்பெண் கிடையாது.

ரெண்டு மணிக்கு வழி தவறி ஒரு லாரி,
கிளந்தான் நம்பர்.
'எவ்வளவு?'
'மூணு வெள்ளி.'
'அங்கே சும்மாதானே?'
'அங்கே சும்மாதான்.'
எஞ்சினை அணைக்காமல் யோசித்தான்.
மூன்று நோட்டு நீட்டினான், ஒன்று ஈரம்.

லாரி இறங்கிப் போன பிறகும்
முள் பூஜ்யத்துக்கு வரவில்லை.
நாற்பது கிலோ காட்டுகிறது.
சேறு.
விடிந்ததும் கழுவவேண்டும்.