உரிமையாளர் பெயர்

இருக்கைக்குக் கீழே ஆறு இலக்கங்கள்.
முதலாவதைத் துரு பாதி தின்றிருந்தது.
மூன்றா, எட்டா?
தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன்,
இரவு வேலை முடிந்து வந்த நான்கு காலைகள்.

மூன்றென்றால் ஐம்பத்தொன்றாம் வருஷத்து வண்டி,
எட்டென்றால் அப்படி ஓர் எண்ணே கிடையாது
என்று இங்கிலாந்திலிருந்து எழுதினார்
பழைய சைக்கிள்களுக்குக் கணக்கு வைத்திருக்கும் ஒருவர்.
மூன்று என்று முடிவுசெய்தேன்.
ஆராய்ச்சியில் இதெல்லாம் நடப்பதுதான்.

மாமனார் கதைக்கும் அதுவே பொருந்தியது:
பக்கிரிசாமி துறைமுகத்தில் சேர்ந்த வருஷம்,
முதல் சம்பளம், புத்தம்புது வண்டி,
சுற்றியிருந்த காகிதத்தைக் கடைக்காரன் கிழிக்கக் கிழிக்க
கறுப்பு பளபளத்ததாம்.
கல்யாண வீடுகளில் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.
பிள்ளைகள் மூவரும் வேண்டாமென்றபின்
மருமகளுக்கு வந்தது.
காராங்கூனிக்காரர் பதினைந்து வெள்ளி தருவார்
என்கிறார் மதிவாணன், வாரம் ஒருமுறை.

நேற்று கைப்பிடி ரப்பரைக் கழற்றினேன்.
குழாய்க்குள் சுருட்டிச் செருகிய ஒரு துண்டுத் தாள்,
மூலையில் நூல் கோத்த ஓட்டை,
சிவப்பு முத்திரை, சீனக் கிறுக்கல்.

எதிர்வீட்டுத் திரு கோ
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
அடகுக்கடையில் பொருளோடு கட்டிவைக்கும் சீட்டு.
சைக்கிள் ஒன்று, பழசு, இருபத்தைந்து வெள்ளி.
புதுசையும் பழசென்றுதான் எழுதுவார்கள்.
தேதி, ஐம்பத்து மூன்று.
பெயர்?
அடகுக்கடைக் கையெழுத்தை
இன்னோர் அடகுக்கடைக்காரன்தான் வாசிப்பான் என்று சிரித்தார்.
டானாக இருக்கலாம். லிம்மாக இருக்கலாம்.
தமிழர் பெயரென்றால்
காதில் விழுந்த மாதிரி எழுதியிருப்பார்கள்.

பக்கிரிசாமி
எப்படி விழுந்திருக்கும் காதில்?

யாரோ மீட்க முடியாமல் போனதை வாங்கினாரா,
தன்னுடையதையே வைத்து மீட்டாரா?
எதுவானாலும்
எறிந்திருக்கலாம் அந்தச் சீட்டை.
ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

மதிவாணனிடம் இன்னும் சொல்லவில்லை.

யீஷூன் ஏழாம் மாடி நடைபாதையில்
இன்று காலை வேறொரு சீட்டு.
நகர மன்றத்து மஞ்சள் அட்டை, பிரேக் கம்பியில் கட்டியிருக்கிறது:
வழியை அடைக்கிறது, பதினான்கு நாளுக்குள் அகற்றவும்.
அடியில் ஒரு கோடு,
உரிமையாளர் பெயர்.

பேனாவை எடுத்து வெகுநேரம் நின்றேன்.
பிறகு கிறுக்கினேன், கோடு நிறைய.

வண்டியை வரவேற்பறைக்கு உருட்டி
சோபாவை ஓர் அடி நகர்த்தி
பழைய சீட்டைச் சுருட்டி, இருந்த இடத்தில் செருகினேன்.
ரப்பர் ஏற மறுத்தது.
கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் தேவைப்பட்டது.