நான்கு கிலோ இருநூறு

ஞாயிறு மாலை. செம்பனை லோரிகள்
பீடோர் பெரிய ரோட்டைக் கடந்துவிட்டன.
தராசுத் தட்டில் மட்டும்
ஒட்டுப்பாலின் புளித்த வாடை.
சாவியை என்னிடம் விட்டு
ஆ லொக் நாலு நம்பர் எழுதப் போயிருந்தார்.

வந்தவர்கள் இரண்டு பேர், ஒரே மோட்டார்சைக்கிள்.
ஒருவனிடம் வெல்வெட் வைத்த பெட்டி,
இன்னொருவனிடம் பத்துக் கிலோ அரிசிச் சாக்கு.
இரண்டிலும் கிட்டார்.
"நிறுத்துத் தர முடியுமாக்கா?"
கிலோ என்ன விலைக்குப் போடுகிறீர்கள் என்றேன்.
சிரிக்கவில்லை.

பெட்டிக்காரன் சந்திரபோஸ்: நான்கு கிலோ இருநூறு.
மகாகனி என்றான். கடன் இன்னும் ஏழு மாதம்.
சாக்குக்காரன் நவநீதன்: இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது.
உள்ளே குடைந்த ரப்பர் மரம்.
நம் மரம்தான். பால் வற்றியதும் வெட்டி
சூளையில் உலர்த்தி
நாற்காலியாய்க் கட்டிலாய்க் கப்பலேறியது போக
மிஞ்சிய பலகை.

போஸ் சொன்னான்:
லேசான மரம் கம்பியோடு சேர்ந்து தானும் ஆடும்,
ஆடுகிற மரம் ஒலியைக் குடித்துவிடும்.
கனமானது அசையாது; அதனால் நாதம் நிற்கும்.
நவநீதன் சொன்னான்:
காந்தத்துக்குக் கம்பியைத்தான் தெரியும்,
நீ கட்டும் கடனைத் தெரியாது.

எடையைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.
பதினாறு வருடம் இந்த நாற்காலி.
சாக்கின் நடுவே கல் பார்த்திருக்கிறேன்,
ராத்திரி முழுக்க ஊறிய தண்ணீர்,
ஒருமுறை முழுசாய் ஒரு சைக்கிள் செயின்.
சிவப்பு எண் ஏறும்.
பால் ஏறாது.

என்னைச் சுவர் பார்த்து உட்காரச் சொன்னார்கள்.
உரக் கம்பெனிக் காலண்டர், கையில் போன்,
காதில் விழும்வரை வினாடி எண்ண வேண்டும்.
முதல் ஒலி பதினொன்று.
இரண்டாவது பதினான்கு.
இரண்டாவது கனமானது என்றேன், குத்துமதிப்பாக.
சரியாம். போஸ் தொடையில் தட்டிக்கொண்டான்.

"என் கம்பி தீபாவளிக்குப் போட்டது லா."
நவநீதன் சட்டைப் பையிலிருந்து புதுப் பொட்டலம் பிரித்தான்.
முறுக்கினான், இழுத்தான், மறுபடி முறுக்கினான்.
அதற்குள் ஒரு மழை பெய்து நின்றது.
இந்தத் தடவை
பதினான்கு.
பதினான்கரை.
எது எதுவென்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிறகு போஸ் விரலை ஒரு கட்டை மேலே நகர்த்தினான்.
ஐந்தே வினாடி.
திரும்ப அடித்தான். ஐந்து.
அழுத்தி அடித்தான். நான்கரை.
அந்த ஒரு இடத்தில் மட்டும்
யாரோ உள்ளிருந்து கதவைச் சாத்துகிறார்கள்.
நான்கு கிலோவும் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்தன.

யாரும் பேசவில்லை.
போஸ் ஆம்ப்பைத் தூக்கித் தராசுத் தட்டில் வைத்து
சத்தத்தைக் கூட்டினான்,
இன்னும் கூட்டினான்.
ஒலி திரும்பிவந்து கம்பியைப் பிடித்து ஆட்ட
நாதம் நிற்கவே இல்லை.
தகரக்கூரை நடுங்கியது. கடை நாய் ரோட்டுக்கு ஓடியது.
தராசின் கடைசி எண்
ஐந்து, பூச்சியம், ஐந்து, பூச்சியம் என்று
முடிவெடுக்க முடியாமல் துடித்தது.
இது கணக்கில் சேராது என்றான் நவநீதன்.
சேராது என்று போஸும் சொன்னான்,
ஆனால் நிறுத்தவில்லை.

முந்தின ராத்திரி தாப்பா ரோட் மண்டபத்தில்
கல்யாண வரவேற்பு, ஐந்து மணி நேரம், நின்றபடி.
கிட்டாரைக் கழற்றும்போது சட்டை விலகியது:
இடது தோளில் வாருக்குக் கீழே
இரண்டு விரல் அகலத்தில் சிவந்த தடம்.
பார்த்ததை நான் சொல்லவில்லை.
நவநீதன் மட்டும் பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு
பின்னால் ஏறினான்.
மாதா கோயில் வளைவு வரை
வாக்குவாதம் கேட்டது.

திங்கட்கிழமை ஆ லொக் சீட்டைப் புரட்டினார்.
ஏழு கிலோ ஐம்பது,
பொருள்: இதர,
விலைக் கட்டம் காலி.
"சரக்கு எங்கே?"

இருந்தது தவுக்கே,
பதினான்கு வினாடி இருந்தது.