தாளில் செவலை

தையில் மயிலையின் கழுத்தைத் தடவினால்
கோரைப்பாயை எதிர்வாட்டில் தடவுவதுபோல் சொரசொரக்கும்,
பனிக்கு விறைத்த மயிர்.
மாசிப் பாதியில் உதிர ஆரம்பித்தது:
தண்ணித்தொட்டியில், முளைக்குச்சியில்,
என் ரவிக்கையின் கொக்கியில்கூட.
பங்குனிக்குள் மாடு
கழுவிக் கவிழ்த்த ஈயப்பானை.

கடனில் வந்த கலப்பு மாட்டுக்குச்
சித்திரை பிறந்தும் சட்டை கழலவில்லை.
புங்கநிழலை விட்டு நகராமல்
நாக்குத் தொங்க இரைத்தது.
மேயாத மாட்டுக்கு மடி ஏது?
அதன் கன்றுக்கு விலாவெலும்பை எண்ணலாம்.
எண்ணினேன்.

மயிலையின் கிடாரி ஐப்பசி அடைமழையில் விழுந்தபோது
செங்கல் தூளில் புரட்டியெடுத்த நிறம்.
உளுந்து பிடுங்கப் போய்வந்த நாட்களில்
எந்தப் பக்கமாய்ச் சிவப்பு இறங்கிப்போனதோ,
வைகாசியில் பார்த்தால் அடுப்புச் சாம்பல்.
தையல் டேப்பில் நெஞ்சைச் சுற்றினேன்,
நாற்பது அங்குலம்.

முள்வேலியில் காதுவில்லை அறுந்ததென்று
தலைஞாயிற்றிலிருந்து வந்தார்
காப்பீட்டுக்கார அமுதரசன்.
"தாளில் செவலைன்னு இருக்கு.
வேற கன்னைக் காட்டாதீங்கம்மா."
"இந்தப் பக்கத்து மாடு அப்படித்தான் சார்.
நான் என்ன சாயமா முக்கினேன்?"

காதுமடலை விரித்துக் காட்டினேன்.
உள்ளே, ஆழத்தில்,
இன்னும் நாலைந்து சிவந்த மயிர்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.
செவலையை அடிக்காமல்
பக்கத்தில் 'மாறும்' என்று பொடியாய் எழுதினார்.
அதற்குள் கிடாரி
ரசீதுப் புத்தகத்தின் மூலையை மென்றுவிட்டது.

அடுத்த தாள் கலப்புக் கன்றுக்கு.
நிறம்: கறுப்பு வெள்ளை. அதில் வழக்கில்லை.
எடை என்ற கட்டத்துக்கு வந்ததும்
புங்கமரத்தடியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பேனாவை உதறினார்
மை இருந்தும்.