தொண்ணூற்றிரண்டு கிலோ

பிப்ரவரியில் என் முதுகு ஒரு சத்தம் போட்டது.
பெரிய சத்தமில்லை,
ஈர விறகு அடுப்பில் சொல்வது மாதிரி ஒன்று.
எய்முதிஸைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு
மாற்றிக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றிரண்டு கிலோ.
துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர்.
பாதியில் விட்டால் இரண்டு பேரும் விழுவோம்,
அதனால் விடவில்லை.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.
அன்று தெரிந்தது,
ஒவ்வொரு கண்ணியாக.

குனிந்து பார் இழுக்காதே, ஆறு வாரம்,
என்றார் டாக்டர். மற்றபடி இழு.
சும்மா படுத்துக் கிடக்காதே என்பதை மட்டும்
இரண்டு முறை சொன்னார்.

கிளைப்பேடாவில், முன்பு செருப்பு ஆலையாக இருந்த கட்டிடத்தின்
நிலவறையில் ஜிம். தோல் வாசனை இன்னும் போகவில்லை.
மூலையில் துடுப்பு மெஷின்:
சங்கிலி துருவேறி, திரை செத்து,
இப்போது ஈரக் கோட்டுகள் காயும் கொடி.
இருப்பது ஒரே பார். அதை வீட்டேனிஸும் கேஸ்தாஸும்
பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள்.
நல்லது. எனக்கு அது ஆகாது.

சரிந்த பெஞ்சில் நெஞ்சைப் பதித்துக் குப்புறக் கிடந்தேன்.
கைக்கு ஆறு கிலோ.
முழங்கையைப் பின்பாக்கெட்டில் போடு, என்று
சுவரில் யாரோ மார்க்கரால் எழுதியிருந்தார்கள்.
என் பின்பாக்கெட்டில் வார்டு கையுறை ஒரு ஜோடி.

பிறகு, தாழ்வாகப் பதித்த குழாய்க்கு அடியில் மல்லாந்து
குதிகாலைத் தரையில் ஊன்றி, உடம்பைப் பலகையாக்கி
நெஞ்சைக் குழாய் வரை கொண்டுபோக வேண்டும்.
மூன்று முடிந்தது.
நாலாவதில் நடுவழியில் நின்று
கூரை எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தேன்.

ஒரு முழங்கால் பெஞ்சில், ஒற்றைக் கை எடை:
விறகு அறுக்கும் ரம்பம்போல.
இது வந்தது. இது கைக்கு ஏற்கெனவே தெரியும்.

வீட்டில் ஹீட்டர் குழாயைச் சுற்றி ரப்பர் பட்டை மாட்டினேன்.
சூட்டில் அறுந்து கன்னத்தில் அறைந்தது.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கு ஒரு நோட்டில்.
இடப்பக்கம் என்னுடையது: ஆறு, எட்டு, எட்டு, பத்து.
வலப்பக்கம் வார்டில் வியாழன்தோறும் பார்க்கும் அவர் எடை:
எண்பத்தாறு, எழுபத்தொன்பது.
வேறு நோக்கமில்லை. கையில் இருந்தது
ஒரே நோட்டு, அவ்வளவுதான்.

"இழுத்துக்கொண்டு கிடக்கிறது," என்றார்கள்
நர்ஸ்கள் அறையில், அவரைப் பற்றி.
பிடிக்கவில்லை எனக்கு.
இழுப்பது என்றால் என்னவென்று இப்போது கொஞ்சம் தெரியும்.
தோள்பட்டை எலும்புகள் இரண்டும்
ஒன்றையொன்று தேடிப் போக வேண்டும்,
தொட்டதும் ஒரு விநாடி நிற்க வேண்டும்.
"இறக்கும்போது அவசரம் கூடாது,"
என்று கேஸ்தாஸ் பக்கத்திலிருந்து சொன்னான்.
"இறக்கும்போதுதான் சதை பிடிக்கும்."
இருபத்திரண்டு வயது. காதில் பாட்டு.
தான் என்ன சொன்னோம் என்று தெரியாது அவனுக்கு.

மே மாதம். நான் பதினான்கு.
அவர் ஐம்பத்தெட்டு.
அக்குளுக்கடியில் கை கொடுத்து, மூச்சுப் பிடித்து,
முழங்கையைப் பின்பாக்கெட்டுக்குக் கொண்டுபோய்,
தொண்ணூற்றிரண்டுக்கு இழுத்தேன்.

பறந்து வந்தார்.
மூக்கு என் கழுத்தெலும்பில் இடித்தது.
"மெதுவா, ரசுவோலே," என்றார்,
"காலிப் பெட்டிக்கு யாராவது இவ்வளவு விசை கொடுப்பார்களா?"
சிரித்தார், மூச்சுத் தீரும்வரை.
நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.
உடனே உட்கார வைக்கவில்லை.

மாலையில் கேஸ்தாஸ் பாரை என் பக்கம் உருட்டினான்.
ஆறு வாரம் முடிந்து எத்தனையோ நாளாயிற்று.
வேண்டாம் என்றேன்.
பெஞ்சில் குப்புறக் கிடந்து
பழைய ஆறு கிலோவையே எடுத்தேன்.
மேலே வந்தது எப்படியென்று கவனிக்கவில்லை.
இறக்கினேன்,
தரைக்குக் கேட்காதபடி.