ஒன்பதாம் பாரம்

ஊபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
ஐந்நூறு பிரதிக்கான பாரங்கள்
மடித்தபடி கிடக்கின்றன, இன்னும் தைக்கவில்லை.

அம்பலவாணர் வந்தார்.
கையில் ஒரே ஒரு நகல்தாள்: பக்கம் 141.
யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.
நான்கு வரிகளுக்கு மேல் மஞ்சள் பூசியிருந்தது.

அந்த வரிகளில் ஒருவன்
பூக்குழியின் நடுவில் நின்றுவிடுகிறான்.
‘அம்மா இங்கே இல்லை,
சூடு மட்டும்தான் இருக்கிறது’ என்கிறான்.
பிறகு ஓடுகிறான், எல்லாரையும் போல.

அவர் சத்தம் போடவில்லை.
போட்டிருந்தால் எனக்குச் சுலபம்.
பையில் கட்டிய கோப்பி-ஓ
எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தார்.
“பத்தொன்பது வருஷம் இறங்கியிருக்கேம்மா.
பையன் டயாலிசிஸ்ல கிடந்த வருஷமும்.
அவ இல்லாமலா?”
கேட்டுவிட்டு மேசை விளிம்பைப் பார்த்தார்.

எழுத்துரிமை என்ற சொல்லை
முந்தின நாள் ரயிலில் ஒத்திகை பார்த்திருந்தேன்.
வழக்கறிஞரின் மின்னஞ்சல் வேறு,
நல்லிணக்கம் என்று ஏழு இடத்தில்.
ஆவி பறக்கும் அந்தக் கோப்பியின் முன்
இரண்டையும் எடுக்க முடியவில்லை.

“அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துடுங்களேன்.”

பைண்டிங் பார்க்கும் சியூ ஹூனுக்கு
தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது;
மடிப்பு தெரியும்.
ஒன்பதாம் பாரத்தை விரித்து
141ஐப் பிடித்து இழுத்தாள்.
யாரும் குறை சொல்லாத 132ம்
கூடவே கழன்று வந்தது.
ஒரே தாள், நடுவில் ஒரு மடிப்பு.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டினார்.
132இல் அதே ஆள், முந்தின இரவு,
புளோக்கின் கீழே ஈர வேட்டியோடு:
‘தாயே, நாளைக்கு என் காலால் நீ நட.’

இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.
“இதை எழுதினது?”
“அதே பெண்தான். செங்காங்கில் நர்ஸ்.”
“பொம்பளைங்களை இறக்குறதில்லையே,
குழி எப்படித் தெரியும் அவளுக்கு?”
“சுத்தி வந்திருக்கா. பதினோரு வருஷம்.”

மின்விசிறி பாரங்களின் ஓரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது.

“இருந்தாலும்,” என்றார்.
அந்த வாக்கியத்தை முடிக்காமலே
படியிறங்கிப் போனார்.

இரண்டு வாரம்
அதை நான் முடித்துப் பார்த்தேன்,
அவர் குரலில், என் குரலில்,
ராத்திரி வேலை முடிந்து வரும் அவள் குரலில்.
எதிலும் முற்றுப்புள்ளி நிற்கவில்லை.

நேற்று தைக்கச் சொல்லிவிட்டேன்.
இருந்தாலும்
ஒரு பிரதி குறைகிறது:
கழன்ற தாள் அவர் சட்டைப்பையில் போயிருக்கிறது.
திருப்பிக் கேட்க
எனக்கு மனசில்லை.